கருகிய தகடுகள்

ஜீப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான் ராசு. மலைமேல் ஆலத்தூர் நாட்டில் அவன் கை படாத ஜீப் குறைவு. அந்தக் கர்வமும் கொஞ்சம் உண்டு. இந்த ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் மட்டும் ஒரு வாரமாக அவனை ஆட்டிப் படைத்தது. பலா மரக் கிளையில் பளு தூக்கும் செயின் பிளாக் கட்டிக் காரிலிருந்து இறக்கி, மிளகு காயப்போடும் தார்ப்பாயில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தான். மனைவி கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே வந்த ஒவ்வொரு சாமானுக்கும் சாக்பீஸால் நம்பர் போட்டு அடுக்கினாள். டீச்சர் அல்லவா, வரிசை தப்பாது.

அவளுக்காக வாங்கிய கார் அது. விபத்தில் இடது கால் போனபின் கிளட்ச் மிதிக்க வழியில்லை. கிளட்ச் மிதியே இல்லாத இந்தக் கார் வந்த பிறகுதான் யார் தயவும் இல்லாமல் வாசலூர்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள்.

போன மாதம் மேட்டுக்காட்டுப் பொன்னம்மாளுக்கு நெஞ்சுவலி. அவளையும் புருஷன் கருப்பண்ணனையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள் கோகிலவாணிதான். பாதி ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. வேறொரு ஜீப் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலிலேயே பொன்னம்மாளின் உயிர் போய்விட்டது.

அன்றிலிருந்து கோகிலவாணி சாவியைத் தொடவில்லை. தான் ஓட்டத் தெரியாமல் ஓட்டியதால்தான் கெட்டது என்று அழுதாள். சரியானதும் காரை விற்றுவிடச் சொன்னாள். கருப்பண்ணன் குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ரோட்டில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராசு கடைசி மூடியைத் திறந்தான். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் தார் மாதிரிக் கறுத்திருந்தது. பெட்டிக்குள்ளேயே இருக்கும் கிளட்ச் தகடுகள் விரல் பட்டதும் கருகலாக உதிர்ந்தன.

இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டுவது அங்கே பலருக்கும் பழக்கம். ராசுவும் வாராவாரம் மிளகு மூட்டையோடு அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இந்தக் காரை அப்படித்தான் இறக்கினான். சொட்டு பெட்ரோல் செலவில்லை என்று சந்தையில் பெருமை வேறு. சாமானுக்காகச் சேலத்தில் ஒரு பழைய கியர்பாக்ஸ் வாங்கியபோது, விற்றவர்தான் விவரம் சொன்னார்.

"அணைச்சு உருட்டுனீங்களா? எஞ்சின் ஓடுனாத்தான் இதுக்குள்ள ஆயில் ஓடும். இல்லீன்னா தகடெல்லாம் காஞ்சு கருகிரும்."

"இல்லீங்க" என்றுவிட்டான் ராசு.

சேலத்துப் பெட்டியின் நல்ல தகடுகளை ஆயிலில் ஊறவைத்து இதில் மாட்டிவிட்டு, கருகியதைக் குழியில் போட்டு மூடினால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பே அவனுக்கு அசிங்கமாக இருந்தது.

கோகிலவாணி ஒரு தகட்டை எடுத்துப் பார்த்தாள். "இன்னும் மெதுவா ஏத்தியிருக்கோணுங்க. பொன்னம்மாக்கா பொழச்சிருக்கும்."

"நீ இல்ல வாணி, நாந்தான்" என்றான். "சந்தைக்கு எறங்கறப்பவெல்லாம் அணைச்சு உருட்டுனேன். அதனாலதான் கருகியிருக்குது. சேலத்துக்காரரு சொல்லி நாலு நாளாச்சு."

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "நாலு நாளா நான் அழுவறதப் பாத்துக்கிட்டே இருந்தீங்களா?"

ராசு விரலில் ஒட்டிய கருகலைத் தார்ப்பாயில் துடைத்தான்.

மூன்றாம் நாள் கியர்பாக்ஸ் காரில் ஏறியது. கோகிலவாணி தானே சாவியைக் கேட்டு வாங்கி, ராசுவையும் ஏற்றிக்கொண்டாள். கார் நின்றுபோன அதே ஏற்றத்தில் நிதானமாக ஏற்றி, திரும்பி வந்து மேட்டுக்காட்டில் கருப்பண்ணன் வீட்டு முன் நிறுத்தினாள்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

ராசு இறங்கி வாசலுக்குப் போனான். கருப்பண்ணன் வெளியே வந்தார். ராசு எதையும் மறைக்காமல் சொன்னான். கடைசிவரை கேட்ட கருப்பண்ணன் அவனைத் தாண்டிக் காருக்குப் போனார். கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"இத்தன நாளா உம் மூஞ்சியப் பாக்காமயே போனேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத. எறங்கி ஊட்டுக்குள்ள வா, சாமி."

கோகிலவாணி விம்மி அழுதுகொண்டே இறங்கினாள். அவளைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போன கருப்பண்ணன், வாசலில் நின்ற ராசுவைத் திரும்பிப் பார்க்கவில்லை.