பாதாள ராணியின் பேச்சு

ஈரத்துணியால் அவள் அவருடைய ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் புகுந்த கறுப்பு மை போவதாக இல்லை.

"விடும்மா, இருக்கட்டும்," என்றாள் மகள்.

"எப்படி இருக்கட்டும்? நாலு பேர் பார்க்க வர்றாங்க. முப்பத்தெட்டு வருஷமா சொல்றேன், எழுதி முடிச்சதும் கையைக் கழுவுங்கன்னு. காதுல வாங்கினாத்தானே?"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. துணியைக் கீழே வைத்தாள்.

காலை பத்து மணிக்கு மேசையில் சாய்ந்தவர்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். மயானத்துக்கு எடுத்துப்போக நாலு மணிக்கு வண்டி வருகிறது.

அவர் ஒரு படக்கதைக்கு எழுத்துக்காரர். கதை எழுதுபவர் வேறு, படம் வரைபவர் வேறு. ஆட்கள் பேசுவதைக் குமிழ்களுக்குள் மணிமணியாகக் கையால் எழுதுவது இவர் வேலை. அந்தப் படக்கதைக்கு 'இறகுதிர்ந்தவன்' என்று பெயர். வானத்திலிருந்து தள்ளிவிடப்பட்ட ஒரு தேவதூதன் எமலோகம், பனிமலைத் தெய்வங்களின் ஊர், ஜின்களின் சந்தை என்று அலைந்துவிட்டு, கடைசியில் பாதாள ராணியின் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்து அவள் வீட்டிலேயே குடியிருக்கிறான். அவர் மனைவிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதுவும் மகள் சொல்லித் தெரிந்தது. ஒரு புத்தகத்தைக்கூட அவள் பிரித்ததில்லை. கொம்பும் இறக்கையுமாக எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஆகாது.

வீட்டில் அவர் பேச்சு குறைவு. அவள் பாட்டுக்குப் பேசுவாள், அவர் பாட்டுக்குக் கோடு இழுப்பார். ஒரு "ம்" வந்தால் அன்றைக்கு அதிசயம்.

மதியத்துக்கு மேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சொந்தக்காரர்கள் பாதி, முன்பின் தெரியாதவர்கள் பாதி. வேலை முடிந்து நர்ஸ் உடையிலேயே வந்திருந்த ஒரு பெண் அவர் காலடியில் வெகுநேரம் நின்றாள். பிறகு இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை உங்களுக்குத் தெரியாதும்மா. எங்கம்மா போனப்போ எனக்குத் துணையா இருந்தது இவர் புத்தகம்தான். அதுல பாதாள ராணி பேசறது அப்படியே எங்கம்மா திட்டற மாதிரியே இருக்கும். ஒரு இடத்துல சொல்வா, 'நான் கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போனா, அன்னைக்காவது தண்ணி வேணுமான்னு ஒரு வார்த்தை கேப்பீங்களா'ன்னு..."

இவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அது இவளே வீட்டில் அவரிடம் சொன்னது. சமையலறைக் குழாய் ஒழுகிய வாரம், முட்டி வலியோடு தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னது. ஒரு சொல் மாறவில்லை.

"அதை யார் எழுதினது?"

சுவரோரம் நின்றிருந்த கதாசிரியர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "கதை என்னுதுதான் அண்ணி. ராணி பேச்சு அண்ணன் எழுதினது. முதல் தடவை என்னைக் கேக்காமலே மாத்திட்டார். எனக்கு வந்ததே கோபம், நல்லா சண்டை போட்டேன். புத்தகம் வந்ததும் பார்த்தா, கடுதாசியா வந்து குவியுது. அதுக்கப்புறம் ராணியும் அவனும் பேசற பக்கத்தையெல்லாம் வெறுமையா விட்டுத்தான் கொடுப்பேன். 'எங்கேண்ணே பிடிக்கிறீங்க இந்தப் பேச்சை'ன்னு கேட்டா சிரிப்பார்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"அப்போ நான் திட்டினதையெல்லாம் ஊரே படிச்சுதா?"

மகள் அழுகைக்கு நடுவில் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதாசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எதிரே படுத்திருந்தவரைப் பார்த்தாள். பிறகு நர்ஸ் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"அதுக்கு அந்த ஆளு என்ன சொன்னான்?"

"எந்த ஆளும்மா?"

"அதான், மேலேர்ந்து விழுந்தவன். அவ தண்ணி கேட்டாளே, அதுக்கு."

நர்ஸ் யோசிக்கக்கூட இல்லை. "'தண்ணி குடிச்சா நீ பேச்சை நிறுத்திடுவே. நான் இருந்துட்டு வந்த இடத்துல சத்தமே கிடையாது'ம்பான்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள், திரும்ப எடுத்தாள், மறுபடி செருகினாள்.

"அண்ணி," என்றார் கதாசிரியர். "இன்னிக்கு அனுப்ப வேண்டிய பக்கம் ஒண்ணு உள்ளே இருக்கும். அவசரமில்லை. அப்புறமா வந்துகூட..."

அவள் எழுந்து கணவரின் அறைக்குப் போனாள். காலையிலிருந்து யாரும் அங்கே எதையும் தொடவில்லை. பேனா மேசை விளிம்புவரை உருண்டு நின்றிருந்தது. பலகையில் குத்தியிருந்த தாளில், ராணியும் அந்தத் தேவதூதனும் ஒரு படிக்கட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ராணியின் குமிழில் எழுத்து காய்ந்திருந்தது.

'வெயில் இன்னிக்கு இதமா இருக்கு. சாயங்காலம் கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாமா?'

காலையில் துண்டை உதறிக்கொண்டே அவள் அவரிடம் கேட்டது. பதில் வராததால் அவளே விட்டுவிட்டாள்.

"மிச்சத்தை நான் வேணா எழுதிடறேன் அண்ணி," என்றார் கதாசிரியர், வாசலில் நின்றபடி.

"வேண்டாம்."

தெருவில் வண்டி வந்து நின்றது. "அம்மா, அம்மா" என்று மகள் கூப்பிட்டாள். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளின்மேல் குனிந்தாள். அவனுடைய குமிழில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுத்து கோணாமல் இருக்கப் பென்சிலால் மெல்லிய கோடுகள் மட்டும் இழுத்திருந்தார். மூன்று வரிக்கு இடம் விட்டிருந்தார்.