வியாழன் காலைக்குள் பளபளக்க வேண்டிய வண்டி

1

இந்தக் கதை பெயின்ட் கடையில் பொறுக்கியது. முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் வீட்டு கேட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று வண்ண அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, கார் பாலிஷ் போடும் ஆளிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"வியாழக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள முடிஞ்சிடணும். அவர் கண்ணைத் திறக்கறதுக்குள்ள."

இவ்வளவுதான் என் காதில் விழுந்தது. எந்த நிறமும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மீதியெல்லாம் என் கைவேலை. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். (இல்லை. நம்பினால் சந்தோஷப்படுவேன்.)

2

முதல் தொடக்கம்: "பச்சை நிறக் கார் ஒன்று வெயிலில் கனவு கண்டபடி—"

அடித்துவிட்டேன். கார் கனவு காணாது. பகல் கனவு காண்பது என் பழக்கம்.

இரண்டாவது: "அவள் கெட்டவள் இல்லை, ஆனால்—"

இப்படி ஆரம்பித்தால் அவளைக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் வக்கீல் வேலை பார்க்க வேண்டிவரும். வேண்டாம்.

மூன்றாவது இது: பல்லுக்குப் போடும் பொடியைக் காருக்குப் போட்டால் என்ன ஆகும்?

அவளுக்குத் தெரியாது. இருபத்தாறு வருடமாகப் பல் செட் செய்யும் இடத்தில் வேலை. கடைசி மெருகு அவள் கையில்தான். ஈரப் பொடியைத் தொட்டுச் சுழலும் சக்கரத்தில் பல் செட்டைக் காட்டுவாள்; நாக்கு பட்டால் வழுக்க வேண்டும், அதுதான் அவள் கணக்கு. அந்தத் தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே பொடியைக் கொண்டுவந்து, ஈரத்துணியில் தொட்டு, டிரைவர் பக்கக் கதவைத் தேய்த்தாள். பத்தே நிமிடம். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கதவு ஆவி படிந்த கண்ணாடி போல ஆகிவிட்டது. துணியெல்லாம் பச்சை.

அவள் துணியைச் சுருட்டி ஒளித்துவைத்தாள். வியாழக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.

3

இந்த அவசரத்துக்குக் காரணம் அவளுடைய கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பாதி ஊர் அவரிடம்தான் ஸ்டியரிங் பிடித்திருக்கும். ஞாயிறு தவறாமல் அந்தப் பச்சைக் காருக்கு மெழுகு போட்டுத் துடைப்பார். பிறகு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஆபரேஷன் என்றாலே மனுஷனுக்கு உதறல். இன்று நாளை என்று மூன்று வருடம் ஓட்டினார். அதற்குள் உலகம் அவருக்குப் பால் நிறத்தில் கலங்கிப்போனது. ஓட்ட முடியாத வண்டியைத் தொட மாட்டேன் என்று வீம்பாகச் சொல்லி, கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டியை நான் பாத்துக்கறேன்" என்று அவள்தான் வாக்குக் கொடுத்தாள். இரண்டு ஞாயிறு துடைக்கவும் செய்தாள். மூன்றாவது ஞாயிறு, வாரமெல்லாம் வேலைக்குப் போன அலுப்போடு சமைத்து, அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, பேப்பர் வாசித்துக் காட்டி, உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அன்று சாயங்காலம் அவர் கேட்டார்:

"வண்டி எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்குங்க."

அதிலிருந்து தினமும் அதே கேள்வி, அதே பதில். வெளியே கார் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்துக் கிடந்தது. உள்ளே, அவர் தலைக்குள், அது மின்னிக்கொண்டிருந்தது.

[இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட வாளித் தண்ணீர் எடுக்கத் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். ஆனால் சொல்வது துடைப்பதைவிடச் சுலபம். இதை எழுதிக்கொண்டிருக்கும் எனக்குத் தெரியாதா!]

போகப்போக அவளுக்கு அந்தப் பொய் பிடித்துப்போனது. சும்மா கண்ணாடி என்று சொல்லாமல் விஸ்தாரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். இன்று பானெட்டில் ஒரு மேகம் நீளமாகப் போனது, விளக்குக் கம்பம் வளைந்து தெரிந்தது, ஒரு பறவை தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

"மேகம் எந்தப் பக்கம் போச்சு?"

"இடமிருந்து வலமா."

"மெதுவாவா?"

"ரொம்ப மெதுவா."

அந்த நேரம் ஜன்னலோரம் இருவரும் மிதந்துகொண்டிருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சில நாள் வேலையிலிருந்து திரும்பும்போது அவளே அந்த மேகத்தைப் பார்க்கலாம் என்று காரின் பக்கம் திரும்புவாள். அங்கே தூசி இருக்கும்.

ஒருவழியாக அவர் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். புதன்கிழமை ஒரு கண். வியாழன் காலை பத்து மணிக்குக் கட்டைப் பிரிப்பார்கள். "வந்ததும் முதல்ல வண்டியைத்தான் பாப்பேன்" என்றார். அவர் வண்டிக்காகக் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை. இனிமேல் தன் வாய்ச் சொல்லை நம்பாமல் போய்விடுவாரே என்பதுதான் அவள் பயம்.

4

பாலிஷ் போடுகிறவரை எல்லோரும் மெழுகண்ணன் என்பார்கள். (நான் வைத்த பெயர். நிஜப்பெயர் கேட்கவில்லை.) இவரால் எனக்குத் தொல்லை. முதல் வரைவில் வாயைத் திறந்தால் தத்துவமாகக் கொட்டினார். "பளபளப்பு வெளியேருந்து வர்றதில்லம்மா, உள்ளயே—" என்று ஆரம்பித்தார். டீ குடிக்க அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தவர், பெயின்ட் கடையில் அவள் போனில் காட்டிய காரின் படத்தைப் பார்த்து, வேலையை மட்டும் பேசினார்.

"யாரு இந்தக் கதவை இப்படிப் பண்ணது?"

"நான்தான். பல்லுக்குப் போடற பொடி."

"பல்லு எலும்பு மாதிரிங்க. இது தோலு மாதிரி." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "மேல இருக்கறது வெயில்ல செத்த பெயின்ட். அதை மட்டும் எடுக்கணும். கூட எடுத்தா தகரம் தெரியும். புதன்கிழமை வீட்டுக்கே வந்து பண்ணித் தரேன்."

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியானாலும் பானெட்டின் நடுவில் காகித டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் முடித்து, சொந்தக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த பாதியைத் தொடுவார். எல்லாம் முடிந்தபிறகு, "முன்னாடியே இப்படித்தானே இருந்துச்சு" என்று யாரோ ஒருமுறை சொல்லிவிட்டார்களாம். அந்த வடு.

"காட்டறதெல்லாம் வேணாம், நான் ஆஸ்பத்திரில இருப்பேன். நீங்க முழுசா முடிச்சிடுங்க" என்று அவள் மூன்று முறை சொன்னாள். மெழுகண்ணன் மூன்று முறையும் தலையாட்டினார். கை தன் பழக்கப்படிதான் போகும்.

5

புதன்கிழமை. சாயங்காலம் ஆகும் என்று சொன்ன ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் பழைய பால் மூட்டம். வாசலில் மெழுகண்ணனின் பாலிஷ் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. பானெட்டின் வலது பாதியில் வானம் இறங்கி வந்து படுத்திருந்தது. டேப்புக்கு இந்தப் பக்கம் சுண்ணாம்பு.

அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். "உள்ள போலாம் வாங்க, வெயில் ஆகாது."

அவர் கேட்டால்தானே. ஆபரேஷன் முடிந்த தெம்பு. "மூணு வருஷமாச்சு தொட்டு" என்று கையை நீட்டிக்கொண்டு நடந்தார். கை இடது பாதியில் விழுந்தது.

(இங்கே இரண்டு நாள் நின்றுவிட்டேன். கையை வலது பாதியில் வைக்கலாமா என்று பார்த்தேன். வைத்தால் அவள் தப்பிவிடுவாள். நானும் ஒரு நல்ல முடிவோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து இடது பாதிதான் பக்கம். நான் என்ன செய்ய.)

விரல் நுனியில் மாவு போல ஏதோ ஒட்டியது. தேய்த்துப் பார்த்தார். கை நகர்ந்து டேப்பைத் தாண்டியது. அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி வந்தது. மறுபடி மாவு.

மெழுகண்ணன் மிஷினை நிறுத்திவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களாண்ணே வித்தியாசத்தை? ரெண்டு மூணு வருஷ வெயிலு, சும்மா விடுமா?"

அவர் மெல்லத் திரும்பினார். வாசற்படியைக் காலால் தேடி உட்கார்ந்தார். வண்டியைப் பற்றித் திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"வேற என்னெல்லாம் இப்படிச் சொல்லியிருக்க?"

6

முடிவுகள் என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் அவள், "வேற ஒண்ணுமில்ல, சத்தியமா" என்கிறாள். மறுநாள் கட்டைப் பிரிக்கிறார்கள். இன்னொன்றில் அவர் சிரித்துவிடுகிறார், எல்லாம் மன்னிக்கப்படுகிறது. இரண்டையும் கிழித்தேன். அப்படிக் கேட்ட மனுஷனை நடுவாசலில் உட்கார வைத்துவிட்டு நான் பூசி மெழுகுவது அசிங்கம்.

ஆக, நடந்ததாக நான் நினைப்பது இது. அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெழுகண்ணன் சங்கடத்துடன் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க தலை முடி கறுப்பாத்தான் இருக்குன்னு சொன்னேன்ல. இல்லங்க. முழுக்க நரைச்சாச்சு."

"ம். அப்புறம்?"

"எனக்கும்தான்."

"அப்புறம்?"

"நம்ம பையன் போன் பண்ணும்போதெல்லாம், அப்பா எப்படி இருக்கார்னு கேட்டான்னு சொல்வேன்ல." நிறுத்தினாள். "அவன் கேக்கறதே இல்லங்க."

வாசலெங்கும் மத்தியான வெளிச்சம் நிறைந்து நின்றது.

"அது தெரியும்" என்றார் அவர். "கண்ணுதானே போச்சு. நீ பேசறது முழுக்க உள்ள கேக்கும். நீ போனை வச்சிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு அப்புறமா வருவ. எதுக்கு நிக்கறன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் அழுதாள். மறைத்து அழவில்லை. அவர் பார்க்க முடியாது என்பதற்காக இல்லை. மறைத்து மறைத்து அவளுக்கு அலுத்துவிட்டது.

அழுகை ஓயும்வரை அவர் காத்திருந்தார். பிறகு தன் விரலில் ஒட்டியிருந்த பச்சை மாவை வேட்டியில் துடைத்துக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. இந்த மூணு வருஷத்துல உங்கிட்ட சொல்லாதது. நாளைக்கு உன் மூஞ்சியப் பாத்துட்டா சொல்ல வராது. இப்பவே சொல்லட்டுமா?"

அது என்ன என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். மெழுகண்ணன்கூட நாசூக்காகப் பின்பக்கக் குழாயில் கை கழுவப் போய்விட்டார். நான் மட்டும் நின்று ஒட்டுக்கேட்பது முறையில்லை. நீங்கள் வேண்டுமானால் இருங்கள். யாரிடமாவது இப்படி ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிற ஆளாக நீங்கள் இருந்தால், மீதியை என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.