கிருமி தங்காத மனிதன்

செவ்வாய்க்குப் போய்த் திரும்பியவன் உடம்பில் ஒரு கிருமிகூட இல்லை. அங்கிருந்து எதையும் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று மேலதிகாரிகள் கைகுலுக்கிக்கொண்டார்கள். நம் ஊர்க் கிருமி எங்கே போனது என்று கேட்கத் தோன்றியது அவன் மனைவிக்கு மட்டும்தான். காரணமும் அவளுக்குத் தெரியும். விண்கலத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கிருமி பார்ப்பது அவள் வேலை. இங்கத்துப் பூஞ்சை ஒன்று அங்கே போய்க் குடியேறிவிட்டால், அது அங்கேயே பிறந்ததா நாம் கொண்டுபோய் விட்டதா என்று பிறகு எவனாலும் சொல்ல முடியாது. அந்தப் பழி தன் வீட்டுக்காரன் தலையில் விடியக்கூடாதென்று, புறப்படும் அன்று எல்லோருக்கும் நடந்த குளியலுக்குப் பிறகு, கலம் கழுவும் மருந்தை எடுத்து அவனை மட்டும் இன்னொரு முறை தேய்த்துவிட்டாள். அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகுமென்று படித்தவளுக்குத் தெரிய வேண்டாமா?

அவன் வீட்டுக்கு வந்தபின் பால் திரியவில்லை, பழம் அழுகவில்லை, குப்பைக்கூடை நாறவில்லை. அக்கம்பக்கத்தார் மீந்த சாப்பாட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். ஃப்ரிட்ஜ் கடைக்காரர் அவனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவன் கைபட்ட பூந்தொட்டியில் மண் செத்து, செடி வாடியதைப் பார்த்த அன்றே, அவனைக் கண்ணாடிக் கதவு போட்ட அறையில் தனியே இருக்க வைத்தாள். அவன் போனபின் பிறந்த மகளுக்கு ஒன்றரை வயது. குழந்தை குடலிலும் நல்ல கிருமிகள் உண்டு. இவன் தூக்கினால் அவையும் செத்துப்போய்விட்டால்?

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க," என்றாள்.

"அவ்வளவு தூரம் போயிட்டு வந்தேன். இந்தக் கதவைத் தாண்ட முடியலையே," என்று அவன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதான். அவள் இந்தப் பக்கம் அழுதாள்.

மழைக்காலத்தில் குழந்தைக்குச் சளி பிடித்தது. தாழ்ப்பாள் போட மறந்த ஒரு மதியம் அது உள்ளே போய், அவன் மடியில் ஏறி, சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டது. அவள் ஓடிவந்தபோது இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிரித்தெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்த வாரம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தையின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தும்மியது அவன்தான்.

செய்தி போனதும் ஆபீசிலிருந்து முகமூடி போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். அவன் சளியை எடுத்துக் கிருமி வளர்த்த தட்டு ஒரே நாளில் நிரம்பி வழிந்தது.

"இது எந்தக் கிரகத்துக் கிருமிம்மா?" என்று பெரிய டாக்டர் இரண்டடி தள்ளி நின்று கேட்டார்.

"எங்க வீட்டுது சார்," என்றாள் அவள்.

மகளுடைய கிருமிகளைத் தவிர வேறெதுவும் இன்றுவரை அவன்மேல் தங்குவதில்லை. குழந்தைக்குச் சளி பிடித்தால் அவனுக்கும் பிடிக்கும்.