கீழ் மூலைக் கரும்புள்ளி

பொன்னமராவதி கடைத்தெருவில் எனக்கொரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. மதியத்தில் யாரும் வரமாட்டார்கள். அந்த அமைதியில் ஓவியங்களைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் படித்தேன். வான் ஐக் வரைந்த தம்பதியின் படத்தில், பகலிலும் எரிகிற ஒற்றை மெழுகுவர்த்தி கடவுளின் கண்ணாம். காலடியில் நிற்கும் நாய் விசுவாசமாம். டாவின்சி வரைந்த கடைசி விருந்தில் யூதாஸின் கையருகே உப்புக் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறதாம். இப்படிப் படித்துப் படித்து, எதைப் பார்த்தாலும் அதன் பின்னால் வேறொன்று நிற்பதாகத் தோன்ற ஆரம்பித்தது. கடைக்கு வருகிறவர் தலையைச் சொறிந்தால்கூட யோசிப்பேன்.

அந்தப் பழக்கத்தில்தான் மணமேல்குடி நிலவழகனைப் பற்றி எழுதினேன். சென்னை, டெல்லி என்று பேர் வாங்கிய ஓவியர். அவருடைய படங்களில் இடப்பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னக் கரும்புள்ளி இருக்கும். அதில் தூரிகைத் தடமே தெரியாது. ‘வரையப்படாமல் தானே தோன்றிய புள்ளி, தந்திர சாத்திரம் சொல்லும் பிந்து, படைப்பு முழுவதும் ஒடுங்கும் இடம்’ என்று இருபது பக்கம் எழுதிவிட்டேன். அதைப் படித்த சென்னைக் கேலரி ஒன்று, புள்ளியையே கண்காட்சிக்குத் தலைப்பாக வைத்துவிட்டது.

கேலரியில் வேலை பார்க்கும் ஹரிணி ஒருநாள் போன் செய்தாள்.

“சார், நடுவுல மாட்டப்போற பெரிய படத்தோட போட்டோ வந்திருக்கு. புள்ளியைக் காணோம். நாளைக்கு வேன் வருது. புள்ளி இல்லாம மாட்ட முடியாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. நிலவழகன் சார் போனே எடுக்க மாட்டேங்கறாரு. நீங்க கொஞ்சம் போய்ப் பாருங்களேன்.”

மறுநாள் முதல் பஸ் பிடித்து, புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் மாறி மணமேல்குடி போய்ச் சேர்ந்தேன்.

“வாங்க தம்பி. பிந்துவத் தேடி வந்தீங்களாக்கும்?” என்றார் நிலவழகன். கைலி முழுக்க அக்ரிலிக் கறை.

படம் சுவரில் சாய்ந்து நின்றது. கட்டுமாவடிக் கரையில் ஏற்றி வைத்த ஒரு படகு. ஆனால் படகைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதன் முகப்பில் ஒரு மூன்றாவது கண். கயிறு இருக்கவேண்டிய இடத்தில் சுருண்ட பாம்பு. மணலெங்கும் தலைகீழ் முக்கோணங்கள். கடலுக்கு நடுவே ஆயிரம் இதழ்த் தாமரை. எல்லாமே எங்கேயோ பார்த்தவை. எங்கே என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. என் கட்டுரையில்.

அதை அப்போதைக்கு விழுங்கிக்கொண்டேன். “அண்ணே, மூலையில ஒரு புள்ளி வச்சிருங்க. வேன் வந்திரும்.”

“நான் எப்பத் தம்பி வச்சேன்?”

“பின்ன?”

அடுப்படிப் பக்கம் தாடையைக் காட்டினார். “ஒங்க அக்கா வைக்கிறது. படம் வெளிய போறதுக்கு முந்தி வந்து பாப்பா. நல்லாருந்தா கறுப்புப் பெயிண்ட்ட வெரல்ல தொட்டு வச்சிட்டுப் போயிருவா. பச்சப்புள்ளைக்குக் கன்னத்துல வைப்பாங்கள்ல, அந்தத் திருஷ்டிப் பொட்டுதான்.”

இருபது பக்கமும் ஒவ்வொன்றாகக் கண்முன்னே போயின.

“இத அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே.”

“நீங்க கேக்கலையே. அதோட, எழுதுனது படிக்க நல்லாத்தான் இருந்துச்சு. நாம அம்புட்டுப் பெரிய ஆளோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “இந்தப் படத்துக்கு மட்டும் வைக்க மாட்டேங்கறா. ஏன்னு கேக்கப் பயமா இருக்கு. நீங்க கேளுங்க.”

அவர் மனைவி செவந்தி அக்கா டீ கொண்டுவந்தார். கட்டுமாவடியில் ஐஸ் கம்பெனி நடத்துகிறவர். பேச்சும் பாளம் பாளமாகத்தான் விழும்.

“அக்கா, இந்தப் படத்துக்கு ஏன் பொட்டு வைக்கல?”

“கண்ணு படும்னாத்தானே தம்பி பொட்டு? இத யாரு கண்ணு வைக்கப்போறா?” படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போன தடவ கருவாட்டுக் கூடை போட்டிருந்தாரு. பாத்ததுமே நாக்குல எச்சி ஊறுச்சு, வச்சேன். இது இவரு போட்டது மாதிரியே இல்ல. பக்கத்துல யாரோ நின்னு சொல்லச் சொல்ல எழுதுனாப்புல இருக்கு.”

நான் டீயைப் பார்த்தேன். நிலவழகன் என்னைப் பார்த்தார். செவந்தி அக்கா டம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“நானே வச்சிரவா தம்பி? மெட்ராசுல யாருக்குத் தெரியப்போகுது?” கறுப்பில் விரலைத் தொட்டார். விரல் மூலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. வையுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். என் கட்டுரையும் பிழைத்திருக்கும். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம்ணே. அந்தப் பாம்ப எடுத்துருங்க.”

விரலைக் கைலியில் துடைத்தார். அகலத் தூரிகையை எடுத்து மணல் நிறத்தைக் குழைத்தார். “முக்கோணம்?”

“அதுவும் என்னுதுதான்.”

“தாமரை?”

“எல்லாமே என்னுதுதாண்ணே. அழிங்க.”

இப்போது நன்றாகவே சிரித்தார். பூசப் பூச, படகு கிட்டே வந்தது. மூன்றாவது கண் இருந்த இடத்தில், வலை உரசி உரசி நீலம் உரிந்த பலகையை வரைந்தார். வாசலில் வேன் வந்து ஆரன் அடித்தது. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“வேன்காரன் கெடந்து கத்துறான், இங்கிட்டு என்ன...” என்று வந்த செவந்தி அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நிலவழகன் ஏற்கெனவே கழுவிய தூரிகையை மறுபடி கழுவினார்.

“இது நம்ம மூக்கன் படகுல்ல?”

“ம்.”

“பெயிண்ட் உரிஞ்சிருக்கிறது மொதக்கொண்டு அப்படியே இருக்கு. பாத்தா, விக்கிறதுக்கு நிக்கிற நெசப் படகுன்னு எவனாச்சும் வெல கேப்பான்.”

குனிந்து கறுப்பைத் தொட்டு, இடப்பக்கக் கீழ் மூலையில் வைத்தார். என் போன் அடித்தது.

“சார், புள்ளி என்னாச்சு?”

“வந்திருச்சும்மா.”

“அப்பாடா!” என்றாள் ஹரிணி. அதற்குள் செவந்தி அக்கா இரண்டு கைகளாலும் படத்தைச் சுற்றி வழித்து, நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். பத்து விரலும் சடசடவென்று முறிந்தன.

“என்ன சார் அங்க, ஏதோ முறியுற சத்தம்?”

“என் கட்டுரைம்மா,” என்றேன்.