சைதாவின் பர்மிட்டுக்கு நான் எழுதிய ரிப்போர்ட்

1

இந்தக் கதையை முதல் தடவை நான் சர்க்கார் காகிதத்தில் எழுதினேன். 1957. பொன்னேரிப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் வேலை எனக்கு. அடுத்தவர் சொல்வதை எழுதிவைக்கும் ஏட்டு. கதை எழுதும் கிறுக்கு, பென்ஷன் வாங்கிக் கடம்பத்தூரில் உட்கார்ந்த பிறகு வந்தது.

அன்று எழுதியது பதினோரு வரி. அதில் ஒரு வரி பொய்.

2

பழவேற்காட்டு ஏரியில் காலை வெயில் வெள்ளித் தகடாக —

வேண்டாம். விசாரணைக்குப் போன அன்று நான் ஏரியைப் பார்க்கவே இல்லை. சைக்கிள் செயின் கழன்று கழன்று விழுந்ததில் அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

சைதா பழவேற்காட்டில் பிறந்தவர். கணவர் சலாஹுதீனுக்குக் கிழக்குப் பாகிஸ்தானில், சிட்டகாங்கில் கருவாட்டு வியாபாரம். 1950-இல் அவரோடு போனார். பாஸ்போர்ட் என்று ஒன்று வந்தபோது கணவர் இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிவிட்டார். பாகிஸ்தான் பாஸ்போர்ட். 1955-இல் காலரா அவரைக் கொண்டுபோனது. பிள்ளை இல்லை. சைதா, தம்பி உமர் பாரூக் இருந்த வீட்டுக்கு, அதாவது தான் பிறந்த வீட்டுக்கே, வெளிநாட்டுக்காரியாக வந்து இறங்கினார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கும் பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு எங்கள் ஸ்டேஷன் விசாரித்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். மூன்று முறை ‘சந்தேகத்துக்கு இடமில்லை’ என்று எழுதினேன். நான்காம் முறை ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. சிட்டகாங்கிலிருந்து அவருக்குக் கடிதங்கள் வருகின்றனவாம். படகுக்காரர்களிடம் ரகசியமாக எதையோ கொடுத்தனுப்புகிறாராம்.

“இன்னாய்யா துளசிராமா, பாகிஸ்தான்காரி மேல பெட்டிஷன் வந்துகீது,” என்றார் இன்ஸ்பெக்டர். “போய்ப் பாத்துட்டு வா. இந்தத் தபா நல்லா எழுது.”

(‘நல்லா’ என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.)

3

உமர் பாரூக் வாசலுக்கே ஓடி வந்தான். “வாங்க ஐயா. லாத்தா, ரைட்டர் ஐயா வந்துகீறாரு!” லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா.

கேட்பதற்கு முன்பே சைதா கடிதக் கட்டை எடுத்து வந்து வைத்தார். “கமர் நிஷான்னு அங்க பக்கத்து ஊட்டுப் பொண்ணு போடுறது. எங்க ஊட்டுக்காரரோட கபர்மேல புல்லு வெட்னாங்களா, மழையில கல்லு சாஞ்சிச்சா, அதான் ஐயா எழுதும்.”

“படகுக்காரங்ககிட்ட இன்னாம்மா குடுத்தனுப்பறீங்க?”

“ரவிக்கை. அக்கரைப் பொம்பளைங்களுக்குத் தச்சிக் குடுக்கறேன்.”

நான் நம்பவில்லை. பதில்கள் அத்தனை சட்டென்று வந்தன. குற்றமில்லாதவர்கள் இப்படித் தயாராகவா இருப்பார்கள்? (மூன்று தடவை விசாரிக்கப்பட்டவர்கள் இருப்பார்கள். இது எனக்கு இப்போது தெரிகிறது.)

உமர் பாரூக்கை வெளியே போகச் சொல்லிவிட்டு, மொட்டைக் கடுதாசியை அவரிடம் நீட்டினேன். செய்யக்கூடாத காரியம். அவர் மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு, மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார்.

“யாரு எழுத்துன்னு தெரியுதாம்மா?”

“தெரியலீங்க.” காகிதத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “தம்பிகிட்ட இத காட்டாதீங்க ஐயா. பயந்துடுவான்.”

4

ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். மேசையில் வேறொரு விசாரணைக் காகிதம் கிடந்தது. உமர் பாரூக் உப்பு இலாகாவில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருந்தான். ‘வெளிநாட்டுப் பிரஜைகளான உறவினர் உண்டா?’ என்ற கேள்விக்கு அவன் கைப்பட எழுதியிருந்தான்: ‘உண்டு. விரைவில் திரும்பிச் சென்றுவிடுவார்.’

கடுதாசியைப் பக்கத்தில் வைத்தேன். அதே ‘ண’; அதே மாதிரி வாலைச் சுருட்டிய ‘ழ’.

5

இங்கே இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: துளசிராமன் உண்மையை எழுதுகிறார். உமர் பாரூக்குக்கு வேலை கிடைக்காமல் போகிறது. சைதா அதே வீட்டில், அதே தம்பியோடு —

அடித்துவிட்டேன். அந்த வீட்டுக்குள் அடுத்த நாள் காலையில் யார் யாரிடம் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு எழுத வரவில்லை.

இன்னொன்று: மறுநாள் சைதா தனியாக ஸ்டேஷனுக்கு வருகிறார். பர்தாவுக்குள் மூச்சு வாங்குகிறது.

“அந்தப் பேர எழுதிடாதீங்க ஐயா. அவனுக்கு மூணு கொழந்தைங்க.”

“உங்கள அனுப்பிடுவாங்களேம்மா.”

“அங்க போனா ஒரு கபராவது கீது எனக்கு. இவன் வேலையில்லாம நின்னா அதுங்க எங்க போவும்?”

ரிப்போர்ட்டில் நான் எழுதிய வரி இது: ‘கடிதம் எழுதியவர் யாரெனத் தெரியவில்லை, சந்தேகத்தை முற்றிலும் தள்ளிவிட இயலவில்லை.’ பர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. முப்பது நாளில் நாட்டைவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. உமர் பாரூக்குக்கு வேலை கிடைத்தது.

6

அந்த வரி ஃபைலில் இருக்கிறது. சைதா ஸ்டேஷனுக்கு வந்த காட்சி ஃபைலில் இல்லை. வந்துபோகிறவர்களைக் காவல்காரர் குறித்துவைக்கும் பாரா டைரியிலும் இல்லை. அன்று காவலுக்கு நின்ற கலியனைப் பின்னாளில் மீஞ்சூரில் பார்த்துக் கேட்டேன். “அந்தம்மாவா? நம்ம ஸ்டேஷனுக்கு எப்ப வந்துச்சி?” என்றான். அவனுக்கு ஞாபகமறதி உண்டு. எனக்கோ கதை எழுதும் பழக்கம் உண்டு. அவர் வந்து கேட்டுக்கொண்டதால்தான் அப்படி எழுதினேன் என்று நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். பாகிஸ்தான்காரிக்குப் பரிந்து எழுதினால் இன்ஸ்பெக்டர் என்னை என்ன நினைப்பாரோ என்ற பயமும் அன்று இருந்தது. அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை.

அவர் வந்தாரா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பொன்னேரி ரயில்வே ஸ்டேஷனில் சைதாவை மெட்ராஸ் பாசஞ்சரில் ஏற்றிவிடும் டூட்டி எனக்கு. உமர் பாரூக் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்தான். தேம்பித் தேம்பி அழுதான். (அது வேஷம் என்று எழுத இரண்டு தரம் முயன்றேன். வேஷமில்லை.) சைதா அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். வண்டி நகர்ந்ததும் என் பக்கம் பார்த்தார். ஏதாவது சொல்வாரென்று நான் இரண்டடி முன்னால் போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது காலை எட்டு மணி இருக்கும். நான் கிழக்குப் பக்கம் நின்றிருந்தேன். வெயில் நேராக அவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது.