பெட்டிக்கு வெளியே தொடாதீர்கள்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. மலையிலிருந்து காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் போனில் சொன்னாள்: “நீங்க கூப்புட்டாலே எல்லாம் அழிஞ்சு போயிருதுப்பா.” எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவள் பெயர்கூடத் தெரியாது. சுகந்தி என்று வைத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: “வெண்மேகங்கள் மிளகுக் கொடிகளைத் தழுவ, பலா மரங்களின் மோனத்தில்…”

(அடித்துவிட்டேன். மேகம் எதையாவது தழுவினால்தான் மலைக்கதை என்று பத்திரிகைகள் நம்புகின்றன.)

இரண்டாவது: மலைமேல் எடப்புளி நாட்டு ஊரொன்றில், சிக்னல் கிடைக்கும் பாறையில் சுகந்தி உட்கார்ந்திருக்கிறாள். நர்சிங் கல்லூரி விடுதிக்கு ஒரு செயலியில் பதிய வேண்டும். இன்று மாலையோடு முடிகிறது. விடுதி இல்லையென்றால் படிப்பும் இல்லை; மலையிலிருந்து தினம் போய்வர முடியாது.

3

செயலிக்கு நகரத்தில் விழா எடுத்தார்கள். பொறியாளர் சந்தோஷ்குமார் பொன்னாடையோடு முழங்கினார்: “பயனரின் கவனம் நிரப்பும் பெட்டியைவிட்டு நகர்ந்த கணமே, எழுதியதெல்லாம் தானாக அழியும். பாதுகாப்பு!” கைதட்டல். (அவருக்கு வேண்டிய பெட்டிகளை உதவியாளர் நிரப்புகிறார்.)

விரல் வெளியே பட்டால் அழியும். போன் வந்தால் அழியும். கடைசிப் பெட்டி ஒரு ரகசிய எண் கேட்கும். அந்த எண் சேலத்தில் சென்ட்ரிங் வேலை செய்யும் அப்பா நல்லமுத்துவின் போனுக்குப் போகும். வீட்டுக் கார்டுகளிலெல்லாம் அவர் நம்பர்தான்.

4

பக்கத்து வீட்டுப் போனில் கேட்கலாமே என்கிறீர்கள். எனக்கும் தோன்றியது. அந்த வீட்டுப் பொன்னம்மாளைப் போனும் கையுமாகப் பாறையில் உட்கார வைத்தேன்.

சுகந்தி முன்கூட்டியே அப்பாவிடம் பேசினாள். “நம்பர் வந்தா பொன்னம்மாக்கா போனுக்குச் சொல்லுங்கப்பா. எனக்குக் கூப்புட்றாதீங்க.”

“செரி சாமி. உனக்குக் கூப்புடவே மாட்டேன்.”

பெயர், ஊர், மதிப்பெண், எல்லாம் ஏறியது. கடைசிப் பெட்டி திறந்தது. உள்ளே கர்சர் துடித்தது.

அவள் போன் ஒருமுறை அடித்து நின்றது. திரை வெள்ளை.

அடுத்த கணம் பொன்னம்மாளின் போன். சுகந்தி பிடுங்கிக்கொண்டாள். “ஏனுங்கப்பா, கூப்புடாதீங்கன்னு சொன்னனில்ல?”

“எங்க கண்ணு கூப்புட்டேன்? நம்பர் வந்துருச்சுன்னு ஒரு மிஸ்டு காலுதான உட்டேன்?”

“மிஸ்டு காலு எப்படிப் புள்ள கூப்புட்டதாவும்?” என்றாள் பொன்னம்மாள். “பொளப்புக்குப் போன மனுசன் சொன்னபடிதான செஞ்சிருக்காரு!”

(அடிக்குறிப்பு: பஸ் ஏறியாயிற்று, சோறு தின்றாயிற்று, உயிரோடிருக்கிறேன், எல்லாம் இங்கே மிஸ்டு கால்தான். அதை யாரும் கூப்பிட்டதாக எண்ணுவதில்லை. சந்தோஷ்குமாரின் செயலி எண்ணுகிறது.)

5

முடிவு அ: சந்தோஷ்குமார் மனம் வருந்தி, இரவோடிரவாகச் செயலியைத்… (அவர் அடுத்த விழாவில் இருக்கிறார்.)

முடிவு ஆ: சுகந்தி மறுபடி நிரப்புகிறாள். கடைசிப் பெட்டிவரை வந்துவிட்டாள். அப்போது பள்ளத்திலிருந்து பனி எழுந்து, கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக…

ஐயோ. நான் பனியைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். கட்டைவிரல் பெட்டிக்கு வெளியே பட்டது.

“ஏம் புள்ள, மறுக்காவுமா?” என்றாள் பொன்னம்மாள்.

6

வெயில் சாய்ந்துவிட்டது. பெயர், ஊர், மதிப்பெண். மறுபடி கடைசிப் பெட்டி.

சேலத்தில் எண் வந்து சேர்ந்துவிட்டது. மிஸ்டு காலும் தப்பு என்று கேட்டதிலிருந்து நல்லமுத்துவுக்குப் போனைத் தொடவே பயம். சிமெண்ட் மூட்டைமேல் அதை வைத்துவிட்டு, சாந்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பொன்னம்மாளைக் கூப்பிட்டால் மகளுடையது அழியுமா, அழியாதா? கேட்கலாம் என்றால் அதற்கும் கூப்பிட வேண்டும்.

பாறையில் சுகந்தி கண் எடுக்கவில்லை. கர்சர் துடிக்கிறது. நான் இனி எதையும் வருணிக்க மாட்டேன். அவளை உங்களிடம் விட்டுப் போகிறேன். அவள் அப்பா பொன்னம்மாளைக் கூப்பிடும்வரை இந்தப் பக்கத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

உங்கள் போன் அடித்தாலும்.