கேட்டுட்டுப் பறிக்கணும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, ஜெயஷீலா தன் மொட்டைமாடித் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்தாள். அடிப்பதற்கு முன் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டாள். பக்கத்து மாடிக்குத் துணி எடுக்க யாராவது வந்து தொலைத்தால், செடிக்குத் தண்ணீர் தெளிக்கிறேன் என்று சொல்வதாக ஏற்பாடு. தண்ணீர் தெளிக்கிறவள் எதற்கு மூக்கைக் கட்டினாள் என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. நல்லவேளை, யாரும் வரவில்லை.

மில்லர்புரத்தில் அந்த மாடியைப் பற்றிக் கேள்விப்படாத கோயில்காரப் பெண்கள் குறைவு. எல்லாம் ஜெயஷீலாவின் வாய் செய்த வேலை. புருஷன் ரோச்சுக்குக் கப்பலில் வேலை. ஏறினால் எட்டு மாசம், ஒன்பது மாசம் திரும்ப மாட்டான். பிள்ளைகள் இரண்டும் ஹாஸ்டலில். கப்பக்காரன் பொண்டாட்டிக்கு என்ன, தின்னுட்டுத் தூங்குவா என்று கோயில் வாசலில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்த ரோஷத்தில் ஆரம்பித்ததுதான் இந்தத் தோட்டம். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தெர்மாகோல் பெட்டிகளை வாங்கி, கவிச்சி போகும்வரை கழுவி, பெயின்ட் அடித்து மண் நிரப்பினாள். துளசி, புதினா, தூதுவளை, திருநீற்றுப்பச்சிலை வைத்தாள். மாடிப்படி ஏறியதும் வரிசையாகக் கற்பூரவல்லி. கைப்பிடிச் சுவருக்கு நீலம் அடித்து, சின்னச் சின்ன விளக்குகளைத் தொங்கவிட்டாள். நடுவில் உட்கார ஒரு மரமேடை வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் செந்தில்வேல்தான் துறைமுகத்தில் கழித்துப்போட்ட பலகைச் சட்டங்களைத் தான் ஓட்டும் டிரெய்லர் லாரியில் கொண்டுவந்து, லீவு நாளில் வெயிலோடு வெயிலாக அடித்துக் கொடுத்தான். அவன் மனைவி தேவகனி, போர்த் தண்ணி உப்பு, செடி கருகிப்போகும் என்று, குழாயில் வல்லநாட்டு ஆற்றுத் தண்ணி வருகிற நாளெல்லாம் ஆளுக்கொரு குடமாக ஜெயஷீலாவோடு மாடி ஏறினாள். அவர்களுடைய ஐந்து வயது மகள் வேல்விழிக்கு அந்த மாடிதான் உலகம். இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு செடியின் பேர் சொல்ல அவளுக்குப் பழக்கிவிட்டதே ஜெயஷீலாதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். படம் எடுத்து அன்பியத்து வாட்ஸப் குரூப்பில் போட்டாள். அன்பியம் என்பது அந்தத் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாசம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிற கூட்டம். மருந்தே அடிக்கிறதில்லையா என்று ஒருத்தி கேட்கப்போக, “ஒரு சொட்டு அடிக்கிறதில்ல, எல்லாம் கை வைத்தியம்தான்” என்று எழுதினாள். எழுதும்போது அது உண்மை. கேட்ட ஆளுக்கெல்லாம் அதையே சொன்னாள். மருந்தடித்த கீரையை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தாய்மாரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவும் பேசிவிட்டாள். அன்பியத் தலைவி விஜிலா அக்கா, ஓய்வுபெற்ற டீச்சர், இந்த மாச ஜெபத்தை உன் மாடியிலேயே வைப்போம், எல்லாரும் பார்க்கட்டும் என்று சொன்னபோது ஜெயஷீலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகுதான் மாவுப்பூச்சி வந்தது. முதலில் தூதுவளையில், அப்புறம் துளசியில், அப்புறம் எங்கு பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாக. வேப்பெண்ணெய் தெளித்தாள், சோப்புத் தண்ணி தெளித்தாள், பல்துலக்குகிற பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். அது பாட்டுக்குப் பெருகியது. சனிக்கிழமை ஜெபம். வியாழக்கிழமை அவள் உரக்கடை பாண்டியராஜன் அண்ணாச்சியிடம் போய் நின்றாள். அவர் பாட்டிலைக் கொடுக்கும்போதே, அடிச்சா பத்து நாளைக்கு அந்த இலைய வாயில வச்சிராதிய என்று சொல்லித்தான் கொடுத்தார். ஜெபத்துக்கு வருகிறவர்கள் இலை கேட்டால், வேர் பிடிக்கட்டும், அடுத்த மாசம் பதியன் போட்டுத் தாரேன் என்று சமாளித்துக்கொள்ளலாம். தேவகனியிடம் மட்டும் சொல்லிவைக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் தேவகனிக்குப் பொய் பேச வராது. யாராவது கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். ஜெபம் முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று பாட்டிலைத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

சனிக்கிழமை காலையில் பூச்சியெல்லாம் செத்துக் கிடந்தன. மாடியைக் கழுவிவிட்டாள். செடிகள் அவ்வளவு லட்சணமாக இருந்தன.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். மரமேடையில் ஜமுக்காளம் விரித்து, மாதா சுரூபத்தை வைத்து, விளக்குகளைப் போட்டதும் ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள். ஏளா, இது மாடியா பூங்காவா என்றார்கள். ஜெயஷீலா ஒன்றுமே செய்யாதவள் போலச் சிரித்துக்கொண்டு நின்றாள். தேவகனி இந்து என்றாலும் எந்த மாசமும் உதவிக்கு நிற்பவள். டீ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். வேல்விழி படியில் உட்கார்ந்து இருமினாள். ஒரு வாரமாக அந்த இருமல். விஜிலா அக்கா ஜெபத்தைத் தொடங்குமுன் நாலு வார்த்தை பேசினார். மருந்து என்கிற விஷம் படாத தோட்டத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்ல நமக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, ஷீலாவைப் பார்த்து நாம் படிக்க வேண்டும் என்றார். ஜெயஷீலா தலையைக் குனிந்துகொண்டாள். அதை அடக்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

குனிந்த தலையை நிமிர்த்தியபோது, படியோரம் தேவகனி கற்பூரவல்லியைப் பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் டீத் தட்டு, மறு கையில் ஐந்தாறு இலை. பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டுப் பறித்திருக்கிறாள். எப்போதும் பறிக்கிறவள்தான். எப்பம் வேணும்னாலும் பறிச்சுக்கோ, என்கிட்ட என்ன கேள்வி என்று சொல்லியிருந்ததும் ஜெயஷீலாதான். இலையை வதக்கிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடு என்று முந்தாநாள் யோசனை சொன்னதும் அவளேதான்.

“ஏளா, அதுல கை வைக்காத!”

அவ்வளவு சத்தமாக அவள் யாரையும் அதட்டியதில்லை. பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். தேவகனி இலையோடு அப்படியே நின்றாள்.

“ஏன் ஷீலா, பிள்ளைக்கு இருமலுக்குத்தான பறிக்கா?” என்றார் விஜிலா அக்கா.

அந்த நேரம் ஒரு வார்த்தை போதும். மருந்து அடிச்சிருக்கேன், அவ்வளவுதான். தொண்டை வரைக்கும் வந்தது. எதிரே இருந்த முகங்களை ஒருதரம் பார்த்தாள். தின்னுட்டுத் தூங்குவா என்று சொன்ன முகமும் அதில் இருந்தது. வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது. வேறொன்று வெளியே வந்தது.

“கேட்டுட்டுப் பறிக்கணும்லாக்கா. ஆளாளுக்கு இஷ்டத்துக்குக் கிள்ளினா செடி என்னத்துக்கு ஆகும்?”

தேவகனி அவள் முகத்தையே பார்த்தாள். நீ சொல்லித்தானே பறித்தேன் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டால் ஜெயஷீலா செத்தாள். அவள் கேட்கவில்லை. “சரிக்கா” என்று இலைகளை நீலச் சுவரின்மேல் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மீதிப் பேருக்கு டீ கொடுத்தாள். ஜெயஷீலாவுக்கும் கொடுத்தாள், அவளுக்குச் சர்க்கரை ஆகாது என்று தனியாக எடுத்துவைத்திருந்த டம்ளரை மறக்காமல் கொடுத்தாள். கோபித்துக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போயிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. பக்கத்தில் இருந்தவள், வாடகைக்கு இருக்கிறவங்கள ரொம்ப உள்ள விட்டா இப்படித்தான் என்று ஜெயஷீலாவின் காதுக்குள் ஆறுதல் சொன்னாள். அதற்கும் அவள் தலையை ஆட்டினாள். பாவமன்னிப்பு ஜெபம் வந்தபோது எல்லோரையும் போல நெஞ்சில் தட்டிக்கொண்டாள். போகும்போது ஒருத்தியும் இலை கேட்கவில்லை. பையோடு வந்தவர்கள் பையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு போனார்கள். அவள் நினைத்துவைத்திருந்த பொய்க்கு வேலையே இல்லாமல் போயிற்று.

எல்லோரும் போனபின் சுவரில் கிடந்த இலைகளை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். படியோரத்துப் பெட்டியைப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. இப்போது பறித்த கொப்பைத் தவிர இன்னொரு கொப்பிலும் நுனி இல்லை. கிள்ளிய இடம் லேசாகக் காய்ந்திருந்தது. காலையில் கிள்ளியது. அவள் குளிக்கப் போயிருந்த நேரமாக இருக்கும்.

செருப்புப் போடாமல் படி இறங்கி ஓடினாள். தேவகனி கதவைத் திறந்தாள். அடுப்பில் ஏதோ கொதித்தது. செந்தில்வேல் வண்டிக்குப் போயிருந்தான். வேல்விழி பாயில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏளா, காலையில இலை எடுத்தியா?”

கேட்ட பிறகுதான் அது எப்படிக் காதில் விழும் என்று அவளுக்கு உறைத்தது. தேவகனியின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். அதில் கழுவிய கற்பூரவல்லி இலைகள் கிடந்தன.

“எடுத்தேங்க்கா. படுக்கப்போவையில பிழிஞ்சு குடுக்கலாம்னு வச்சிருந்தேன். பத்தாதுன்னுதான் மேல வந்தப்பவும் கிள்ளினேன். இன்னும் ஒண்ணும் செய்யல. இந்தாங்க.”

ஜெயஷீலா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பிள்ளை குடிக்கவில்லை. கடவுளே, குடிக்கவில்லை. மூச்சு திரும்பி வந்தது. வந்த கையோடு இன்னொன்றும் தெரிந்தது: இனிமேல் ஒன்றையும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இலை கைக்கு வந்துவிட்டது. இப்படியே மாடி ஏறிப் போய்விட்டால், தான் கொஞ்சம் கஞ்சக்காரி என்ற பேரோடு முடிந்துபோகும். பத்து நாள் கழித்து ஒரு கட்டு புதினாவைக் கொடுத்து ராசியாகிக்கொள்ளலாம். அப்படியே திரும்பினாள். ரெண்டு படி ஏறினாள். அங்கே நின்றபடி, அந்த நினைப்பு தனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இறங்கி வந்தாள்.

“மருந்து அடிச்சிருக்கேன், கனி. நேத்து. எல்லாச் செடிக்கும்.”

தேவகனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பிள்ளையிடம் ஓடினாள். “இன்னைக்கு இலையக் கசக்குனியாட்டி? வாயில வச்சியா?” இல்லை என்று வேல்விழி தலையாட்டினாள். ஆனாலும் அவளைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய், சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவினாள். மோந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். ஜெயஷீலா கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

“அப்பவே சொல்லிருக்கலாம்லாக்கா” என்றாள் தேவகனி, பிள்ளையின் கையைத் துடைத்துக்கொண்டே.

“எல்லாரும் இருந்தாங்கல்லா…”

“நானுந்தான் இருந்தேன்.”

தேவகனி அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைக்குச் சோறு குடுக்கணும்க்கா என்று கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

மறுநாள் பூசைக்கு ஜெயஷீலா போகவில்லை. காலையிலிருந்து மரமேடையில் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரூப்பில் விஜிலா அக்கா நேற்று எடுத்த படத்தைப் போட்டு, விஷம் படாத தோட்டம் என்று எழுதியிருந்தார். கீழே கைகூப்பலும் பூங்கொத்துமாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. படத்தின் ஓரத்தில், டீத் தட்டோடு, தேவகனியின் பாதி முதுகு தெரிந்தது. மருந்து அடிச்சிருக்கேன் என்று ஜெயஷீலா எழுதுவாள், அழிப்பாள். கடைசியில் எழுதுவதை விட்டுவிட்டு விஜிலா அக்காவின் நம்பரை அழுத்தினாள்.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. வேல்விழி, ஜெபத்துக்காக ஜெயஷீலாவிடம் வாங்கிப்போயிருந்த டீத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அம்மா குடுக்கச் சொன்னா என்று மேடையில் வைத்தாள். வேறு நாளாக இருந்தால் இந்நேரம் கண்ணை மூடிக்கொண்டு, ஏதாவது கிள்ளித் தாங்க, பேர் சொல்லுதேன் என்று நிற்பாள். இருமல் கொஞ்சம் குறைந்திருந்தது. சோப்பு வாசனை அடித்தது. வா என்று ஜெயஷீலா கையை நீட்டினாள். பிள்ளை வரவில்லை.

“அலோ” என்றது போன். “சொல்லு ஷீலா, கோயிலுக்கு வரலியே, மேலுக்குச் சரியில்லையா?”

வேல்விழி திரும்பி நடந்தாள். படிக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் கற்பூரவல்லி தழைத்துத் தொங்கியது. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கவுன்கூட இலையில் பட்டுவிடாதபடி உடம்பை ஒடுக்கி ஒடுக்கி, ஒவ்வொரு பெட்டியையும் தாண்டிப் போனாள்.

“சொல்லு ஷீலா, என்ன?”

பிள்ளை படி இறங்கத் தொடங்கிவிட்டாள். கைப்பிடியைப் பிடிக்காமலே இறங்கினாள். கை இன்னும் பின்னாலேதான் இருந்தது.